கச்சேரியை நேரலையாகக் கொடுக்கக் கற்ற ஐந்து ஆண்டுகள்

2020ஆம் ஆண்டு ஊரடங்கில் சபாக்கள் மூடிக் கிடந்தபோது, எங்கள் ஊர்ச் சபாவின் மாதக் கச்சேரியை யூடியூபில் நேரலையாகக் கொடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கையில் இருந்தவை ஒரு மடிக்கணினியும் ஒரு கைப்பேசியுமே. பணம் கட்டி மூன்று மாத இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தேன். கேமரா, ஒளியமைப்பு, வண்ணத் திருத்தம் எல்லாவற்றையும் அங்கே நன்றாகவே சொல்லித் தந்தார்கள். ஒலிக்கு மட்டும் ஒரே ஒரு மாலைப்பொழுது ஒதுக்கினார்கள். இத்தனை காலம் இந்த வேலையைச் செய்த பிறகு, இசையைப் பதிவு செய்ய நினைப்பவர் ஒலியில்தான் தொடங்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்வேன்.

அதை எனக்கு உணர்த்தியது, சுருதிக்காக இடைவிடாமல் மீட்டப்படும் தம்பூரா. மின்விசிறியின் இரைச்சலைக் குறைப்பதற்காக, நேரலைக்கும் பதிவுக்கும் உதவும் ஓபிஎஸ் ஸ்டூடியோ மென்பொருளில் உள்ள, இரைச்சலை நீக்கும் நாய்ஸ் சப்ரஷன் பில்டரை ஒரு கச்சேரியின்போது போட்டுவைத்தேன். அந்த பில்டர் பேச்சுக்காக உருவானது. ஏற்ற இறக்கமின்றித் தொடர்ந்து ஒலிக்கும் எதையும் அது இரைச்சல் என்றே எடுத்துக்கொள்ளும். பாடகி மூச்சு வாங்க நிறுத்திய இடங்களிலெல்லாம் தம்பூரா அடங்கி, அவர் மீண்டும் தொடங்கியதும் மெல்லத் தலைகாட்டியது. கச்சேரி முடிவதற்குள் மூத்த ரசிகர் ஒருவர் என்னை அழைத்து, "தம்பி, தம்பூராவை ஏன் விட்டுவிட்டு மீட்டுகிறார்கள்?" என்று கேட்டார். அன்றிலிருந்து மின்விசிறியை அணைக்கிறேன், மைக்கைக் கலைஞருக்கு அருகில் வைக்கிறேன், அந்த பில்டரைத் தொடுவதில்லை.

அடுத்து என்னை நெடுநாள் அலைக்கழித்தது படத்துக்கும் ஒலிக்கும் இடையிலான பொருத்தம். மிருதங்கம் இருக்கும் மேடையில் இதை மறைக்கவே முடியாது: கை அதன் வலப்பக்கமான வலந்தலையில் விழுந்த பிறகு அடியின் ஒலி கேட்டால் யாருக்கும் தெரிந்துவிடும். கேமராவில் பதிவான ஒலியின் அலைவடிவத்தையும் மேடை மைக்குகளைச் சேர்க்கும் மிக்ஸரிலிருந்து வந்த ஒலியின் அலைவடிவத்தையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திவிட்டால் போதும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன். ஆனால் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகிறது. மேடையிலிருந்து 17 மீட்டர் பின்னால் நிற்கும் கேமராவுக்கு அது 50 மில்லிநொடி தாமதமாக வருகிறது. வீடியோவில் நொடிக்கு 30 பிரேம் (தனிப்படம்) என்றால் அது ஒன்றரை பிரேம். அலைவடிவத்தை எவ்வளவு துல்லியமாகப் பொருத்தினாலும், அந்தத் தாமதம் படத்தில் அப்படியே தங்கிவிடும். ஆகவே இப்போது கை விழுவதைக் கண்ணால் பார்த்து, சாப்பு என்னும் அடியின் ஒலியை அதோடு பொருத்துகிறேன். இரண்டு கருவிகளில் தனித்தனியாகப் பதிவு செய்யும்போது அவற்றின் கடிகாரங்களும் சிறிது சிறிதாக விலகுகின்றன என்பதால், கச்சேரியின் தொடக்கத்தில் சரியாக இருந்தது மங்களத்தில் பிசகியிருக்கும். இரண்டு முனைகளையும் கட்டாயம் சரிபார்க்க வேண்டும்.

ஒலியளவு விஷயத்தில் நான் செய்த தவறு இன்னும் உறுத்துகிறது. மற்றவர்களின் பதிவுகளைப் போல உரக்கக் கேட்க வேண்டும் என்ற ஆசையில் ஒலியின் உச்சங்களை ஓர் எல்லைக்கு மேல் போகவிடாத லிமிட்டரை அழுத்திப் பிடித்து, முழுக் கச்சேரியையும் மேலே தூக்கினேன். யூடியூப் ஏறத்தாழ −14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் உரப்பை அளக்கும் அலகு) என்ற அளவுக்கு மேல் இருப்பதைத் தானாகவே குறைத்துவிடுகிறது. அதற்குக் கீழே இருப்பதை உயர்த்துவதில்லை. நான் கூட்டிய சத்தத்தைத் தளம் குறைத்துவிட்டது; நசுங்கிப்போன மிருதங்கச் சாப்பு மட்டும் நசுங்கியபடியே நின்றது. மிருதங்கம் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனம் முழுவதும் அட்டைப் பெட்டியைத் தட்டுவது போலக் கேட்டது. வாசித்தவர் பெரிய வித்வான்; அவர் உழைப்புக்கு நான் செய்த அநியாயம் அது. இப்போது −16 எல்யுஎஃப்எஸ் அளவிலேயே நிறுத்தி, உச்சங்களை −1 டெசிபலுக்குள் வைத்துக்கொள்கிறேன். இதை அளக்க, படத்தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வின் இலவசப் பதிப்பில், 2017இல் வந்த 14ஆம் பதிப்பு முதல் சேர்ந்திருக்கும், ஒலிக்கான ஃபேர்லைட் பக்கமே போதும்.

மென்பொருள்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஓபிஎஸ் ஸ்டூடியோ முற்றிலும் இலவசம். இத்தனை ஆண்டுகளாக அதையே பயன்படுத்துகிறேன். பதிவை எம்கேவி என்ற வீடியோ கோப்பு வடிவில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் அதுவரை பதிவானது மிஞ்சும். சாதாரண எம்பி4 கோப்பு திறக்காமலே போய்விடலாம். எம்கேவியைப் பிறகு தரம் குறையாமல் சில நொடிகளில் எம்பி4 ஆக மாற்றிக்கொள்ளலாம். கீஃப்ரேம் (முழுமையாகச் சேமிக்கப்படும் படம்) இடைவெளி 2 நொடி, ஒலி 48 கிலோஹெர்ட்ஸ் என்று ஒருமுறை அமைத்துவிட்டால் மறந்துவிடலாம். பணம் செலவழிக்க முடிந்தால், புதிய கேமராவுக்கு முன்னால் நல்ல ஹெட்போன் வாங்குங்கள்.

இன்னும் எனக்குப் பிடிபடாத ஒன்று, மிருதங்கத்தின் இடப்பக்கமான இடந்தலையில் எழும் கும்கி என்னும் தாழ்ந்து வளையும் ஒலி. ஹெட்போனில் அது நெஞ்சில் இறங்குகிறது. ரசிகர்களில் பெரும்பாலோர் கேட்கும் கைப்பேசி ஒலிபெருக்கியிலோ அந்தத் தாழ்ந்த அதிர்வு ஏறக்குறைய முழுவதும் காணாமல் போகிறது. தாழ்ந்த பகுதியைக் கூட்டிப் பார்த்தேன். கைப்பேசியில் எதுவும் மாறவில்லை, ஹெட்போனில்தான் குமுறியது. இப்போது இடந்தலைக்குத் தனி மைக் வைத்து, தோலின் மேல் மணிக்கட்டு சறுக்கும் உரசல் வரும் நடுப்பகுதியைச் சற்றே தூக்கிக் கொடுத்துப் பார்க்கிறேன். கும்கி விழும் இடமாவது கைப்பேசியில் தெரிகிறது.