பிரேசில் பயணத் திட்டம் போட்டுத் தந்தவர்கள் எப்படி?

பிரேசிலுக்குத் திட்டம் போட்டுத் தரச் சொல்லி ஒரு பயண நிறுவனத்திடம் பணம் கட்டினோம். பாதி சபாஷ், பாதி சொதப்பல்.

முதலில் நல்லது. ஜூலையில் போகிறோம் என்றதும் லென்சாய்ஸ் மரன்யென்சஸ் மணல்மேடுகளைச் சேர்த்துவிட்டார்கள். மழைநீர் தேங்கி உருவாகும் அந்தக் குளங்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் நிரம்பி இருக்கும், வருஷக் கடைசியில் போனால் பெரும்பாலும் வெறும் மணல்தான். வெள்ளை மணலுக்கு நடுவே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர், இறங்கிக் குளிக்கலாம், கட்டிய காசு அங்கேயே வசூலாகிவிட்டது. மஞ்சள் காமாலை அல்ல, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி என்று தெளிவாகச் சொல்லி, போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும், அது இல்லாமல் இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள் என்று முன்கூட்டியே எச்சரித்ததும் அவர்கள்தான்.

சொதப்பல் என்னவென்றால் தூரம். வரைபடத்தில் விரற்கடை அளவு தெரிவதெல்லாம் அங்கே விமானப் பயணம். ரியோவிலிருந்து அமேசான் காட்டு நகரமான மனாஸுக்கே சுமார் 4 மணி நேரம். இறங்கிய கையோடு கறுப்பு ரியோ நீக்ரோ ஆறும் பழுப்பு சொலிமோயஸ் ஆறும் கலக்காமல் பக்கத்துப் பக்கத்தில் ஓடுவதைப் பார்க்கப் படகேற்றினால், தூங்கி வழிந்துகொண்டேதான் பார்க்க முடியும்! பிரேசில்-அர்ஜென்டினா எல்லையில் இருக்கும் இகுவாசு அருவிக்கு அரை நாள் மட்டும். அர்ஜென்டினா பக்கம் போக தனி விசா வேண்டும் என்று கடைசிவரை மூச்சே விடவில்லை.

பருவம் பார்க்க இவர்களை நம்பலாம். நாள் கணக்கை மட்டும் நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.