பரிசா, ஆர்வமா?

பிள்ளைகளைப் படிக்கவைக்க உளவியலாளர் ஸ்கின்னர் காட்டிய வழி எளிது: சரியாகச் செய்தால் உடனே பரிசு. வாய்ப்பாடு போன்ற சலிப்பூட்டும் பயிற்சிகளுக்கு இது நன்றாகவே உதவுகிறது.

உளவியலாளர்கள் டெசியும் ரையனுமோ உள்ளிருந்து எழும் ஊக்கத்தை நம்பினார்கள். தானே தேர்ந்தெடுக்கும் உரிமை, ‘என்னால் முடியும்’ என்ற உணர்வு, பிறரோடு பிணைப்பு ஆகியவை அதற்கு வேண்டும். பெரியவர்களுக்குப் பொறுமையும்தான்!

1973இல் வெளியான உளவியலாளர் லெப்பர் குழுவினரின் ஆய்வில், ஓவியம் வரைவதை ஏற்கெனவே விரும்பிய மழலையர் சிலருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொல்லி, வரைந்தபின் அதைக் கொடுத்தார்கள். பின்னர் அவர்கள் விருப்ப நேரத்தில் வரைவது குறைந்தது. எதிர்பாராமல் பரிசு பெற்றவர்களிடம் அந்தச் சரிவு இல்லை.

பிடிக்காத பாடத்தைத் தொடங்கிவைக்கப் பரிசு தரலாம். தானாகவே படிக்கும் பிள்ளையிடம் நட்சத்திர ஸ்டிக்கரை நீட்டுவது வேண்டாத வேலை.