அன்னபூர்ணா மலையேற்றத்துக்கு ஜோடியாகப் போகிறவர்கள் கவனிக்கவும்: எங்கள் 92,000 ரூபாய் போனது

வீட்டுக்கு வந்து மூன்று நாள்தான் ஆகிறது. கால் வலியே இன்னும் போகவில்லை, ஆத்திரம் எப்படிப் போகும்? இன்னொரு ஜோடியாவது தப்பிக்கட்டும் என்று எழுதுகிறேன். எதையெல்லாம் பார்த்துப் பணம் கட்ட வேண்டும் என்று கடைசியில் சுருக்கமாகச் சொல்கிறேன்.

நேபாளத்தில் அன்னபூர்ணா பேஸ் கேம்ப், 4,130 மீட்டர். கல்யாணமான பத்தாவது வருடம் நானும் என் கணவரும் அங்கே நடந்து போக வேண்டும் என்று ஆசை. சீட்டு எடுத்த பணம் கையில் இருந்தது. சமூக வலைத்தளத்தில் மலைப் படங்களாகப் போட்டு ஆள் சேர்க்கும் ஒரு தமிழ்த் தம்பியிடம் கேட்டோம். எங்கள் இருவருக்கு மட்டும் தனி வழிகாட்டி, மூட்டை தூக்க ஒரு போர்ட்டர், தனி அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பர்மிட், எல்லாம் சேர்த்து 92,000 ரூபாய்.

பாதி இப்போது, மீதி அங்கே வந்து என்றுதான் முதலில் சொன்னேன். அன்று சாயங்காலமே வீடியோ காலில் வந்தான். பின்னால் பனிமலை. "சொந்த அக்காவையும் மாமாவையும் கூட்டிட்டுப் போற மாதிரி பாத்துக்கறேன் அக்கா. பர்மிட்டுக்கு இன்னிக்கே கட்டணும்." மாமா என்றதும் என் கணவர் முகமெல்லாம் சிரிப்பு. அந்த ஒரு வார்த்தைக்கு விழுந்தோம். முழுப் பணத்தையும் அனுப்பியது என் கைதான். ரசீது கேட்கக்கூடத் தோன்றவில்லை.

மலையேற்றத்துக்குக் கிளம்பும் ஊரான பொக்காராவில் போய் இறங்கினால் எங்களோடு இன்னும் பன்னிரண்டு பேர். பதினான்கு பேருக்கும் ஒரே வழிகாட்டி. போர்ட்டர் கிடையாது. சோதனைச் சாவடியில் பார்த்தால் எங்கள் பெயரில் பர்மிட்டே இல்லை. இந்தியா உள்ளிட்ட சார்க் நாட்டவருக்கு அது ஆளுக்கு 1,000 நேபாள ரூபாய், நம் பணத்தில் 625. அதைக்கூட எடுக்கவில்லை! அங்கேயே எடுத்தால் இரு மடங்கு என்றார்கள், கட்டினோம். வழியில் சோம்ரோங் கிராமத்துக்குப் போனதும் வழிகாட்டி, தனக்கு அறை வாடகை மட்டும்தான் வந்திருக்கிறது என்று கையை விரித்தார். அதற்கப்புறம் ஒவ்வொரு தட்டு பருப்புச் சோறும் எங்கள் காசு. அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கும் கூலி பாக்கி.

தேவுராலியில், 3,200 மீட்டரில், உயரம் ஒத்துக்கொள்ளாமல் ராத்திரி என் கணவருக்குத் தலைவலி, வாந்தி. அறை கிடைக்கவில்லை, சாப்பாட்டுக் கூடத்துப் பெஞ்சில் படுத்திருந்தார். பூண்டு சூப் கொடுத்துப் பார்த்தோம், நிற்கவில்லை. விடிந்ததும் குழு மேலே போனது. எங்களோடு இறங்க ஆள் இல்லை. இரண்டு பையையும் நானே சுமந்துகொண்டு, அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்து இறக்கினேன். நடுவில் ஏதாவது ஆகியிருந்தால்? அதை நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

ஊர் திரும்பிக் கேட்டால், "டீம்கிட்ட பேசிட்டு சொல்றேன் அக்கா." மறுநாள், "மாமா முடியாம இறங்கினதுக்கு நாங்க என்ன பண்றது?" அப்புறம், "ரீஃபண்ட் கிடையாதுன்னு முதல்லயே போட்டிருக்கோம்." எங்கே போட்டிருக்கிறது என்று கேட்டேன். பதில் இல்லை, என் எண்ணை பிளாக் செய்துவிட்டான். 92,000 ரூபாய். இரண்டு வருடம் கட்டிய சீட்டு.

இணைய மோசடிக்கான 1930, நுகர்வோர் உதவிக்கான 1915, இரண்டு எண்ணிலும் புகார் கொடுத்திருக்கிறேன். விவரமாக எழுத இப்போது மனசு ஓடவில்லை, அவசரத்துக்கு இது மட்டும்: முழுப் பணத்தை முன்கூட்டியே கட்டாதீர்கள். வழிகாட்டியின் எண்ணை வாங்கி அவரிடமே நேராகப் பேசுங்கள். எத்தனை பேர் குழு என்பதை எழுத்தில் வாங்குங்கள். மலையில் தலைவலியோடு வாந்தியும் வந்தால் யார் சொன்னாலும் மேலே ஏறாதீர்கள், இறங்குங்கள்.

நேற்று என் தங்கை அவள் போனில் காட்டினாள். அடுத்த குழுவுக்கு ஆள் சேர்க்கப் புதுப் படம் போட்டிருக்கிறான். "ஜோடிகளுக்குத் தனிக் கவனிப்பு" என்று எழுதியிருக்கிறது. ஜினு தொங்கு பாலத்தில் கைகோத்து நிற்கும் அந்த இரண்டு பேர் நானும் என் கணவரும்.