மந்தைவெளியிலிருந்து டைடல் பார்க்: சைக்கிளுக்கு எந்த வழி?

பத்துப் பதினைந்து வருஷம் கழித்து மறுபடி சைக்கிளில் ஏறுகிறவர்கள் முதலில் செய்வது, மேப்பைத் திறந்து எது குறைந்த தூரம் என்று பார்ப்பது. சென்னையில் மந்தைவெளிப் பக்கம் வீடு, தரமணி டைடல் பார்க்கில் ஆபீஸ் என்றால் அதனால் பெரிய பயன் இல்லை. எப்படிப் போனாலும் ஏறக்குறைய 6.5 கிலோமீட்டரிலிருந்து 8 கிலோமீட்டருக்குள்தான் வரும். பார்க்க வேண்டியது இரண்டே விஷயம்: அடையாற்றை எந்தப் பாலத்தில் தாண்டுகிறோம், வண்டிகளுக்கு நடுவே எத்தனை தடவை வலதுபக்கம் திரும்புகிறோம். பழக்கம் விட்டுப்போனவருக்குக் கால்வலி ஒரு வாரத்தில் சரியாகிவிடும். பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே கையை நீட்டி லேன் மாறும் தைரியம் அவ்வளவு சீக்கிரம் வராது.

கடலோரமாகவே போய்விடலாமே என்று சிலர் கேட்பார்கள். பட்டினப்பாக்கத்தோடு வழி முடிந்துவிடும். முகத்துவாரத்தில் 1967-ல் கட்டிய பாலம் 1977 வெள்ளத்தில் உடைந்தது, இன்றும் உடைந்த பாலம்தான். சைதாப்பேட்டை மறைமலையடிகள் பாலம் ரொம்பச் சுற்று. ஆக மிச்சம் திரு.வி.க. பாலமும் கோட்டூர்புரம் பாலமும். இவற்றை வைத்து மூன்று வழி சொல்லலாம்.

முதல் வழி எல்லாருக்கும் தெரிந்தது: ஆர்.கே. மடம் சாலை, திரு.வி.க. பாலம், அடையாறு சிக்னல், எல்.பி. ரோடு, ஜெயந்தி சிக்னலில் வலதுபக்கம் திரும்பி டைடல். தூரம் இதில்தான் குறைவு, 6.5 கிலோமீட்டர் போல. ஆனால் மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் மாதவரம்–சிறுசேரி சிப்காட் தடமும் மந்தைவெளி, கிரீன்வேஸ் ரோடு, அடையாறு, இந்திரா நகர், திருவான்மியூர், தரமணி என்று கிட்டத்தட்ட உங்கள் வழியிலேயே வருகிறது. மெட்ரோ வந்ததும் ரொம்ப வசதிதான், வேலை முடிகிற வரை தகரத் தடுப்புக்கும் பேருந்துக்கும் நடுவே ஹேண்டில்பார் அகலத்துக்குத்தான் இடம். பேருந்து உங்களைத் தாண்டும், இருபது அடி போனதும் ஸ்டாப்பிங் வந்துவிட்டது என்று இடதுபக்கம் அணைக்கும், நீங்கள் பிரேக் பிடிப்பதற்குள் படியில் நின்றவர் இறங்கி உங்கள் முன்சக்கரத்துக்கு நேராக நிற்பார். எல்.பி. ரோட்டில் ஷேர் ஆட்டோவும் இதையேதான் செய்யும், அதற்கு ஸ்டாப்பிங்கும் தேவையில்லை. தினமும் ஓட்டிக் கை பழகியவர் சமாளித்துவிடுவார். புதிதாகத் திரும்பி வருகிறவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, மேற்கே சுற்றும் வழி. சேமியர்ஸ் ரோடு, டர்ன்புல்ஸ் ரோடு, கோட்டூர்புரம் பாலம், அண்ணா நூற்றாண்டு நூலகம், பிர்லா கோளரங்கம், காந்தி மண்டபம் சாலை, சர்தார் படேல் சாலை, மத்திய கைலாஷ், அங்கிருந்து ராஜீவ் காந்தி சாலை (ஓ.எம்.ஆர்.). கிட்டத்தட்ட 8 கிலோமீட்டர். மரநிழலுக்கு இதை அடிக்க வேறு வழி கிடையாது, போட் கிளப் பக்கம் ஒரு நிழல், நூலகத்தைத் தாண்டினால் இன்னொரு நிழல், ஐ.ஐ.டி. மதில் ஓரம் கிண்டி காட்டுக் காற்றே மேலே படும். சைக்கிள் குழுக்காரர்களுக்கு இது பிடிப்பதில் ஆச்சரியமில்லை. ஆனால் அவர்கள் போவது ஞாயிற்றுக்கிழமை விடிகாலை. புதன்கிழமை ஒன்பது மணிக்கு மத்திய கைலாஷ் சிக்னலில் வந்து நின்று பாருங்கள். காந்தி மண்டபம் சாலையிலிருந்து இடதுபக்கம் திரும்பி சர்தார் படேல் சாலையில் ஏறும்போது நீங்கள் இடது ஓரத்தில் இருப்பீர்கள், கொஞ்ச தூரத்திலேயே வலதுபக்கம் ராஜீவ் காந்தி சாலைக்குள் திரும்ப வேண்டும். அதற்குள் அத்தனை லேனையும் குறுக்கே வெட்டிப் போக வேண்டும், கிண்டியிலிருந்து வரும் வண்டியெல்லாம் பின்னால் ஹார்ன் அடித்துக்கொண்டு வரும். சாயங்காலம் திரும்பும்போதும் இதே கதைதான்: சர்தார் படேல் சாலைக்கு இடதுபக்கம் சுலபமாகத் திரும்பிவிடலாம், காந்தி மண்டபம் சாலைக்குள் நுழைய மறுபடி வலது. போக ஒரு வலது, வர ஒரு வலது, இரண்டும் வேகமான சாலையில். இறங்கி உருட்டிக்கொண்டு கடந்தால் பயமில்லை. ஆனால் அவசரமான காலையில் அந்தப் பொறுமை நமக்கு எத்தனை நாள் இருக்கும்?

மூன்றாவது வழியை மேப் தானாகக் காட்டாது. திரு.வி.க. பாலம் வரை முதல் வழியேதான், பாலம் இறங்கியதும் காந்தி நகருக்குள் புகுந்து, சர்தார் படேல் சாலையைக் கடந்து, கஸ்தூரிபா நகர், இந்திரா நகர் தெருக்கள் வழியாகவே இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம் வரை வந்துவிடலாம். பக்கிங்காம் கால்வாய்க்குக் கிழக்கே இந்த நகர்கள், மேற்கே ராஜீவ் காந்தி சாலை, அதனால் அந்தச் சாலையின் ஆறு லேன் கூட்டத்துக்குப் பக்கத்திலேயே, அதில் கால் வைக்காமல் போகிறீர்கள். ஸ்டேஷன் பக்கம் கால்வாயைத் தாண்டி மெயின் ரோட்டில் ஏறும்போதும் இடதுபக்கம்தான் திரும்ப வேண்டும், தெற்கே போகிற வண்டிகள் கால்வாய் பக்கம்தான் ஓடுகின்றன. கடைசி ஒரு கிலோமீட்டர் ஓரமாகவே போய், டைடல் எதிரே இறங்கி உருட்டிக் கடக்கலாம். வண்டிகள் யு-டர்ன் அடிக்க அங்கே கட்டிய யு வடிவ மேம்பாலங்களைக் காருக்கு விட்டுவிடுங்கள்.

இந்த வழியிலும் தொல்லை இல்லாமல் இல்லை. எட்டு மணிக்கு ஸ்கூல் வேனும் ஆட்டோவும் தெருவை அடைத்துக்கொண்டு நிற்கும், எட்டரைக்கு மேல் போனால் நிம்மதி. பெயின்ட் அடிக்காத வேகத்தடை தெருவுக்குக் குறைந்தது இரண்டு இருக்கும். ராத்திரி பத்துக்கு மேல் திரும்புகிறவர்களுக்கு நாய்கள். அவை துரத்தினால் பெடலை வேகமாக மிதிக்காதீர்கள், இறங்கி சைக்கிளை நடுவில் வைத்துக்கொண்டு நடந்தால் முக்கால்வாசி நேரம் குரைத்துவிட்டுப் போய்விடும். சர்தார் படேல் சாலையைக் கடப்பதுதான் இதில் ஒரே கஷ்டமான இடம். அங்கே சிக்னலில் இறங்கி உருட்டுங்கள், கௌரவம் பார்க்க வேண்டாம்.

எந்த வழியானாலும் மழைநீர் வடிகாலின் இரும்புச் சட்டத்தைக் கவனியுங்கள். கம்பிகள் சாலைக்கு நேராக ஓடும் சட்டங்களும் உண்டு, ஒல்லி டயர் அப்படியே உள்ளே இறங்கிவிடும். ஓரத்திலிருந்து இரண்டடி தள்ளியே ஓட்டுங்கள், பின்னால் வருகிறவன் ஹார்ன் அடித்தால் அடிக்கட்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோடையில் சாயங்காலக் கடல்காற்று தென்கிழக்கிலிருந்து அடிக்கும், வீட்டுக்கு வடக்கே வருகிறவருக்கு அது முதுகைத் தள்ளிவிடும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று முகத்தில் அடிக்கும், அப்போது திரு.வி.க. பாலத்தில் ஏறும்போது கியரை முன்கூட்டியே குறைத்துவிடுங்கள்.

என் ஓட்டு மூன்றாவதற்கு. இரண்டாவதை லீவு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலாவதை மெட்ரோ தடுப்புகளை எடுத்த பிறகு யோசிக்கலாம். பெருமழை அன்றைக்கு மட்டும் மூன்றாவதும் வேண்டாம். தெருவில் முழங்கால் தண்ணீர் நின்றால் எது பள்ளம், எது திறந்த மேன்ஹோல் என்று தெரியாது. அன்றைக்கு சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு மந்தைவெளி ஸ்டேஷனில் பறக்கும் ரயில் ஏறினால் ஐந்து ஸ்டேஷன் தள்ளி திருவான்மியூர், இறங்கினால் எதிரே டைடல்.