எஸ்எஸ்டி (பல அமெரிக்க ஸ்டேட் சேர்ந்து வச்சிருக்கிற ஏற்பாடு) மூலமா சேல்ஸ் டாக்ஸ் கட்டுறது: சில வருஷம் யூஸ் பண்ணவன் சொல்றேன்

நியூ ஜெர்சில இருந்து முறுக்கு, மிக்சர், ஸ்வீட்டெல்லாம் சொந்த சைட்ல விக்கிறோம், பேக்கிங் வீட்டம்மா, கணக்கு வழக்கு நான். அமேசான் வழியா போறதுக்கு டாக்ஸை அவங்களே பிடிச்சு கட்டிருவாங்க, அதுல நமக்கு வேலையே இல்ல. சொந்த சைட்னாத்தான் எல்லாம் நம்ம தலையில. 2018ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட்டோட வேஃபேர் தீர்ப்பு வந்ததுல இருந்து, கஸ்டமர் இருக்கிற ஸ்டேட்ல நமக்கு கடையோ ஆளோ இல்லன்னாலும் விற்பனை லிமிட் தாண்டினா டாக்ஸ் வசூல் பண்ணித்தான் ஆகணும். பல ஸ்டேட்ல லிமிட் வருஷம் ஒரு லட்சம் டாலர், அது பரவால்ல, ஆனா சிலதுல 200 ஆர்டர் தாண்டினாலே போதும்னு வச்சாங்க பாருங்க, 25 டாலர் பாக்கெட் விக்கிறவனுக்கு அதுதான் ஆப்பு. நாங்க முதல்ல மாட்டினது ஜார்ஜியால, அட்லாண்டா பக்கம் நம்மாளுங்க அவ்வளவு பேர், தீபாவளி சீசன்லயே எண்ணிக்கை எகிறிடுச்சு.

அப்பதான் எஸ்எஸ்டி, அதாவது ஸ்ட்ரீம்லைன்ட் சேல்ஸ் டாக்ஸ் பக்கம் போனேன். 24 ஸ்டேட் சேர்ந்து வச்சிருக்கிற ஏற்பாடு, ஒரே ஃபார்ம்ல பதியலாம், ஃபீஸ் இல்ல. அவங்க லிஸ்ட்ல இருக்கிற சர்வீஸ் ப்ரொவைடர் ஒருத்தரை எடுத்துக்கிட்டா ரேட் கணக்கு, ரிட்டர்ன் ஃபைலிங், பணம் கட்டுறது எல்லாம் அவங்க பாத்துப்பாங்க, காசு ஸ்டேட்டே குடுத்துரும். ஆனா இது வெளியூர் வியாபாரிக்குத்தான், கடை இருக்கிற சொந்த ஸ்டேட்டுக்கு இலவசம் கிடையாது, நியூ ஜெர்சிக்கு நான் தனியா காசு குடுத்துத்தான் ஃபைல் பண்றேன்.

ரேட் விஷயத்துல குறையே சொல்ல மாட்டேன். ஒரே ஜிப் கோடுக்குள்ள தெருவுக்குத் தெரு ரேட் மாறும், அட்ரஸை வச்சு ப்ரொவைடரோட சாஃப்ட்வேர் கரெக்டா எடுத்துக்குது. எது டாக்ஸ் உள்ள சாமான், எது இல்லைங்கிறதைத்தான் அது நம்மகிட்டயே விட்டுருது, ஒவ்வொரு ஐட்டத்துக்கும் அது எந்த வகைன்னு காட்டுற டாக்ஸ் கோடை (code) நாமதான் போடணும், தப்பா போட்டா பொறுப்பும் நம்மளுது.

எங்க சரக்குல இது செம கூத்து. எஸ்எஸ்டி விதிப்படி கேண்டின்னா இனிப்போட நட்ஸ், சாக்லேட் மாதிரி எதையாவது சேர்த்து துண்டு துண்டா போடுறது, ஆனா ஃப்ளோர் (flour), அதாவது மாவு சேர்ந்திருந்தா அது கேண்டி இல்ல, சாதாரண சாப்பாடு. நியூ ஜெர்சில சாப்பாட்டுக்கு டாக்ஸ் இல்ல, கேண்டிக்கு 6.625 சதவீதம். ஆக காஜு கத்லிக்கு டாக்ஸ் உண்டு, கடலை மிட்டாய்க்கும் உண்டு, மைசூர் பாக்குல கடலை மாவு இருக்கிறதால தப்பிச்சிருது! எந்த மாவா இருந்தாலும் சரி, ஆனா லேபிள்ல ஃப்ளோர்னு பிரிண்ட் ஆகியிருக்கணும், கடலை மாவுக்கு வெறும் பேசன்னு (besan) போட்டா செல்லாது, அதனால லேபிளையே மாத்தி அடிச்சோம். டென்னசில சாப்பாட்டுக்கும் டாக்ஸ் உண்டு, ஸ்டேட் ரேட் 4, கேண்டிக்கு 7. நியூ ஜெர்சி எடிசன்ல இருந்து ஒரு கஸ்டமர் போன் போட்டு, ஏன் தம்பி ரெண்டும் ஸ்வீட்டுதானே, ஒண்ணுக்கு மட்டும் டாக்ஸ் போட்டிருக்கீங்கன்னு கேட்டாங்க, மாவு கதையை சொன்னேன், அம்மா நம்பவே இல்ல.

ப்ரொவைடரோட சப்போர்ட் சுமார்தான். டிக்கெட் போட்டா நாள் கணக்குல காத்திருக்கணும், ஒரு மாசம் விற்பனையே இல்லாத ஒரு ஸ்டேட்டுக்கு ஜீரோ ரிட்டர்ன் போடாம விட்டுட்டாங்க, நோட்டீஸ் என் வீட்டுக்கு வந்துச்சு. ஃபைன் போட்டிருந்தாங்க, அப்புறம் இவங்களே பேசி தள்ளுபடி பண்ண வச்சாங்க, ஆனா அந்த ரெண்டு வாரம் பிபி ஏறினது எனக்குத்தான்.

பெரிய குறை, பெரிய ஸ்டேட் பலதும் எஸ்எஸ்டில இல்ல. கலிஃபோர்னியா, டெக்சஸ், நியூயார்க், இல்லினாய்ஸ், பென்சில்வேனியா எல்லாமே வெளியதான். கலிஃபோர்னியா, டெக்சஸ்ல லிமிட் 5 லட்சம் டாலர், நம்ம சைஸுக்கு கவலை இல்ல. அந்த அளவுக்கு வளர்ந்தவங்க டெக்சஸ்ல ஊருக்கு ஊரு மாறுற லோக்கல் ரேட் தேடி அலைய வேணாம், வெளியூர் வியாபாரி எல்லாத்துக்கும் ஒரே 1.75 சதவீதம் லோக்கல்னு எடுத்துக்கலாம், அதுக்குன்னு ஒரு ஃபார்ம் போட்டாப் போதும். கொலராடோ பக்கம் மட்டும் யோசிச்சுப் போங்க, டென்வர் மாதிரி ஊருங்க சொந்தமாவே டாக்ஸ் வசூல் பண்றாங்க, எது டாக்ஸ் எது இல்லைங்கிறதும் ஊருக்கு ஊரு மாறும்.