பேச்சிப்பாறைச் சாலையில் ஒரு 24 அங்குல கியர் சைக்கிள்

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்காக நாகர்கோவிலில் 11,500 ரூபாய்க்கு வாங்கிய, 24 அங்குலச் சக்கரமும் 21 கியரும் கொண்ட சைக்கிளை மூன்று வாரம் எங்கள் தெருவில் ஓட்டிப் பார்த்த பிறகு, ஜனவரி ஞாயிறு ஒன்றில் குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை அணைவரை இருவருமாகப் போய்த் திரும்பினோம். நிறுவனத்தின் பெயரை நான் குறிப்பிடவில்லை. இந்த விலையில் கிடைக்கும் வண்டிகளில் நிறமும் ஒட்டுப்படமும்தான் மாறுகின்றனவே தவிர, கியரும் பிரேக்கும் ஏறக்குறைய ஒரே தரத்தவை. கடையில் 21 கியர் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். பிரேக்கைப் பற்றி அவர்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

முதலில் கியர். பற்களின் எண்ணிக்கை வண்டியோடு வந்த சிறு புத்தகத்தில் இல்லாததால் நானே எண்ணினேன். முன்பக்கப் பல்சக்கரங்கள் மூன்றில் 48, 38, 28. பின்பக்கம் பெரியதில் 28, சிறியதில் 14. முன்னும் பின்னும் 28-இல் வைத்து மிதித்தால் பெடலின் ஒரு சுற்றுக்குச் சக்கரமும் ஒரு சுற்றே சுற்றும். 24 அங்குலச் சக்கரத்தில் அது சுமார் 1.9 மீட்டர் தூரம். அதே பற்கள் கொண்ட என் பெரிய சைக்கிளில் அந்தச் சுற்று 2.1 மீட்டருக்கு மேல் போகும். இந்தச் சிறு வேறுபாடு ஏற்றத்தில் காலுக்கு நன்றாகவே தெரிகிறது. ரப்பர் தோட்டங்களுக்கு இடையே சாலை நிமிர்ந்த இடங்களில் அவள் உட்கார்ந்தபடியே ஏற, நான் எழுந்து நின்று மிதிக்க வேண்டியிருந்தது. ஆனால் 21 கியரில் அவள் நாள் முழுவதும் பயன்படுத்தியவை ஐந்தோ ஆறோதான். 48 பல் சக்கரத்துக்கு அவள் போகவே இல்லை. புதிய கம்பி இழுபட்டுத் தளர்வதால் இரண்டாம் வாரத்தில் கியர் தானாகத் தாவத் தொடங்கியது. பின் கியரின் கம்பி நுழையும் இடத்திலுள்ள திருகை அரைச் சுற்று வெளிப்பக்கமாகத் திருப்பியதும் சரியாயிற்று.

முன் ஃபோர்க்கின், அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் கவையின், ஸ்பிரிங்கைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 34 கிலோ எடையுள்ள குழந்தைக்கு அது அமுங்குவதே இல்லை. வீட்டுத் தராசில் வண்டி 15 கிலோ காட்டியது. அதில் கணிசமான பங்கு பயனற்ற இந்த இரும்புதான். ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க் கொண்ட வண்டி கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

டயர்கள் நல்லவை. ஜனவரியில் ரப்பர் மரங்கள் இலை உதிர்க்கும் என்பதால் சாலையோரம் முழுவதும் சருகு கிடந்தது. அதன்மேல் வளைந்து திரும்பும்போது ஒரு முறை முன்சக்கரம் சற்று வழுக்கியதைத் தவிர வேறு தொல்லை இல்லை. அணையருகே நிழலில் அமர்ந்து, குலசேகரத்தில் வாங்கிய மட்டிப்பழத்தைத் தின்றோம். கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் மன்னராட்சியில் 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட அணை இது என்றும், இதன் முழு நீர்மட்டம் 48 அடி என்றும் சொன்னேன். “நம்ம பெரிய பல்சக்கரமும் 48 தானே அப்பா” என்றாள். அந்த எண்ணால் அன்றைக்கு எங்களுக்குக் கிடைத்த ஒரே பயன் அதுதான்.

திரும்பும் வழியில்தான் வண்டியின் உண்மை நிலை தெரிந்தது. கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக் இரு சக்கரங்களிலும் உண்டு. அவளுடைய விரல்களுக்கு எட்டும்படி பிரேக் பிடியின் சிறு திருகை உள்ளே திருகி, பிடியைக் கைப்பிடிக்கு நெருக்கமாக வைத்துக் கொடுத்திருந்தேன்; சின்னக் கைகளுக்கு இது இன்றியமையாதது. இறக்கத்தில் தொடர்ந்து அழுத்தாமல் விட்டு விட்டுப் பிடிக்கவும் பழக்கியிருந்தேன். இரண்டாவது இறக்கத்தின் நடுவில், “அப்பா, பின்னாடி பிரேக் பிடிக்க மாட்டேங்குது” என்று குரல் வந்தது. பிடி கைப்பிடியைத் தொடும்வரை போய்விட்டது. முன் பிரேக்கை மெதுவாகப் பிடிக்கச் சொன்னேன், தடுமாறாமல் நிறுத்திவிட்டாள். இறங்கிப் பார்த்தால், டிஸ்க்கின் அருகே கம்பியை இறுக்கிப் பிடிக்கும் போல்ட் தளர்ந்து, கம்பி ஒரு விரற்கடை நழுவியிருந்தது. பெட்டியில் வந்த வண்டியைக் கடையில் பூட்டியபோது முழுவதும் முறுக்கவில்லை. தெருவில் மெதுவாகப் பிடித்தவரை தாங்கிய போல்ட், மலையிறக்கத்தின் அழுத்தத்தைத் தாங்கவில்லை.

என் பையில் பஞ்சர் ஒட்டும் பொருள்கள் இருந்தன. அந்த போல்ட்டுக்குரிய 5 மில்லிமீட்டர் ஆலன் சாவி (அறுகோண முனைத் திருகு சாவி) இல்லை. தவறு கடையுடையது மட்டுமல்ல. சைக்கிள்களை உருட்டிக்கொண்டே நடந்தோம். பால் வாளிகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு எதிரே வந்த ரப்பர் வெட்டும் தொழிலாளி ஒருவர் நின்று, “மக்களே, விழுந்திட்டியா?” என்று அவளைத்தான் கேட்டார். விழவில்லை என்றதும், கீழே பைக் பழுதுபார்க்கும் கடை இருக்கும் இடத்தைச் சொன்னார். அங்கே ஐந்து நிமிடத்தில் கம்பியை இழுத்துப் பூட்டி, 20 ரூபாய் வாங்கிக்கொண்டார்கள்.

இந்த வண்டியை வாங்கலாமா என்றால், 130 முதல் 150 சென்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளைக்கு வாங்கலாம். ஆனால் கடையை விட்டு வெளியேறும் முன், கம்பி பூட்டும் போல்ட்டுகளையும், ஹேண்டில்பாரையும், சக்கர நட்டுகளையும் உங்கள் கண்முன் மீண்டும் முறுக்கச் சொல்லுங்கள். பிறகு சமதளத்தில் வேகமெடுத்து இரு பிரேக்குகளையும் பிடித்து வேகத்தைத் தணிப்பதை இருபது முறையாவது செய்யுங்கள். புதிய டிஸ்க் அவ்வாறு தேய்ந்து பழகிய பின்னரே முழுமையாகப் பிடிக்கும். மட்கார்டு வண்டியோடு வருவதில்லை. மழைக்கு முன் தனியாக வாங்கிப் பூட்ட வேண்டும். மறுநாள் வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். நழுவி நைந்த கம்பியைப் பணம் வாங்காமல் மாற்றிக் கொடுத்தார்கள். முதல் நாளிலிருந்தே ஒலிக்காத மணியைப் பற்றிச் சொல்ல நான் மறந்துவிட்டேன்.