'ஃபீல் பேட்'டா, 'ஃபீல் பேட்லி'யா?

போன வாரம் வாடிக்கையாளர் ஒருவருக்கு ஆங்கிலத்தில் மன்னிப்புக் கடிதம் எழுதினேன். சரக்கு தாமதமானதற்கு வருத்தம் தெரிவிக்க வேண்டும். 'ஐ ஃபீல் பேட்லி' என்று அடித்ததும் கை நின்றது. 'லி'யை அழித்துவிட்டு 'ஐ ஃபீல் பேட்' என்றே அனுப்பினேன். இப்போதும் 'பேட்' என்ற பெயரடையின் பக்கம்தான் நிற்கிறேன்.

'ஸ்லோ டிரெயின்' என்றால் பெயரடை, 'வாக்ட் ஸ்லோலி' என்றால் வினையடை. இது பள்ளிக்கூடத்திலேயே தீர்ந்த கதை. சிக்கலெல்லாம் ஃபீல், லுக், ஸ்மெல், டேஸ்ட், சவுண்ட் ஆகிய வினைச்சொற்களிடம்தான்.

அங்கே நம் காலை வாரிவிடுவது தமிழ்ப் பழக்கம். 'அழகான பெண்', 'அழகாகப் பாடினாள்' என்று 'ஆன'வும் 'ஆக'வும் தெளிவாகப் பிரிகின்றன. ஆனால் 'குழம்பு ருசியாக இருக்கிறது' என்னும்போதும் 'ஆக'தான் வருகிறது. அதைக் கண்டதும் மனம் ஆங்கிலத்தில் 'லி'யைத் தேடுகிறது. 'தி சூப் டேஸ்ட்ஸ் டெலிஷியஸ்லி' பிறந்துவிடுகிறது. சூப் எதையும் சுவைத்துப் பார்க்கவில்லையே! ருசி சூப்பின் குணம். அதனால் 'டெலிஷியஸ்'தான்.

சந்தேகம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' அல்லது 'வாஸ்' வைத்துப் பார்ப்பேன். 'ஹி லுக்ட் ஆங்ரி' என்பது 'ஹி வாஸ் ஆங்ரி' ஆனாலும் கருத்து மாறுவதில்லை. கோபம் அவர் முகத்தில் தெரிகிறது. 'ஹி லுக்ட் ஆங்ரிலி அட் தி டாக்' என்பதில் 'வாஸ்' வைத்தால் வாக்கியம் குலைந்துபோகும். அங்கே சொல்லப்படுவது அவர் நாயைப் பார்த்த விதம், வினையடை தேவை. அந்த நாயே 'ஸ்மெல்ஸ் பேட்' என்றால் குளிப்பாட்ட வேண்டும், 'ஸ்மெல்ஸ் பேட்லி' என்றால் அதற்கு மோப்பசக்தி குறைவு. என் கடிதத்தில் 'பேட்லி' இருந்திருந்தால், கறாராகப் படிப்பவருக்கு நான் உணரும் திறன் குன்றியவன் என்றுதான் பொருள்படும்.

நான் பழகியது பெரும்பாலும் கடித ஆங்கிலம். அமெரிக்கர் பலர் பேச்சில் 'ஃபீல் பேட்லி' என்கிறார்கள். அதைப் பிழை என்று அடித்துச் சொல்லமாட்டேன்.

வினையடை தேவைப்படும் இடத்திலும் 'லி'யை நம்பிவிடக் கூடாது. 'ஹி வொர்க்ட் ஹார்ட்' என்றால் பாடுபட்டார். 'ஹி ஹார்ட்லி வொர்க்ட்' என்றால் கிட்டத்தட்ட வேலையே பார்க்கவில்லை. 'ஃபிரெண்ட்லி'யோ 'லி'யைச் சுமந்துகொண்டும் பெயரடையாகவே இருக்கிறது.

'வெல்' வினையடைதானே, 'ஐ ஃபீல் வெல்' எப்படிச் சரி என்று கேட்பார்கள். அங்கே அது உடல்நலத்தைச் சொல்லும் பெயரடை. காய்ச்சல் விட்ட மறுநாள் தயங்காமல் எழுதலாம்.